கவ்வாத்துப் பண்ணிய சோளம்

காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கும்பிட்ட பிறகும் மனசு அடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள்; பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள், மரவள்ளிக் கிழங்கை மூன்று வேளையும் தின்று வளர்ந்தவர்கள். உங்களிடம் சொன்னால் புரியும். பிள்ளைகளிடம் சொன்னால், "அதெல்லாம் பழைய கதைம்மா, விடுங்க" என்கிறார்கள். விடத்தான் முடியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பசறைக்கு மேலே, நமுனுகுல மலை முகத்துக்கு நேரே தெரியும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. வாரத்தில் மூன்று நாள்தான் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். கடையில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த சிங்களக் கிராமத்துப் பெரியவர் ஒருவர், தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரமாக இருந்த தன் காட்டுச் சரிவைக் காட்டி, "இதை வெட்டித் துப்புரவாக்கிக் கொடு, ஒரு போகம் நீயே விதைத்து எடுத்துக்கொள்" என்று பாதி சைகையிலேயே சொன்னார். அப்பா, அம்மா, அக்கா, நான், நான்கு பேரும் பானை சட்டியோடு கீழே இறங்கி ஒரு குடிசை போட்டுக்கொண்டோம். விதைத்தது மக்காச்சோளம்; நாங்கள் சோளம் என்றுதான் சொல்வோம்.

அந்த நான்கு மாதத்தைப் போலச் சந்தோஷமாக நாங்கள் எப்போதும் இருந்ததில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்று போகப்போகச் சொல்கிறேன்.

லயத்தில் இருந்தவரை அம்மாவை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே குறைவு. விடியுமுன் கூடையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவாள். இருட்டும்போது கொழுந்துக் கறை பிடித்த விரலோடு வருவாள். கீழே வந்த பிறகு வாரத்தில் நான்கு நாள் அவள் எங்களோடு இருந்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது. எரித்த காட்டில் முதல் மழை விழுந்தபோது சாம்பலும் மண்ணும் சேர்ந்து ஒரு வாசம் எழும்பியது. கூரான கம்பால் அக்கா குழி போடுவாள், நான் குழிக்கு இரண்டு மணி போடுவேன், பின்னாலேயே அம்மா காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வருவாள். மூன்று பேர் நடையும் ஒரே தாளத்தில் இருந்தால் மத்தியானத்துக்குள் பாதிச் சரிவு முடிந்துவிடும். மத்தியானம் நால்வரும் ஒரே பாயில் வட்டமாக உட்கார்ந்து கிழங்கும் சம்பலும் சாப்பிடுவோம்.

அப்பா காலையில் எங்களைக் குடிசை வாசலில் வரிசையாக நிற்க வைத்துப் பெரட்டு நடத்துவார். கங்காணி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"யாரு லேட்டு? சின்னவளா? ஒனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்."

அரைப்பேர் என்றால் பாதி நாள் வேலையாகத்தான் பதிவார்கள். அடுப்படியிலிருந்து அம்மா சொல்வாள், "கங்காணி ஐயா, மொதல்ல வெறக ஒடைங்க. அப்பறம் ஒங்களுக்கு முழுப்பேர் போடலாமான்னு நான் யோசிக்கிறேன்."

அக்காவுக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கருவாடு சுற்றி வந்த பேப்பரைக் கூடக் கழுவிக் காயவைத்துச் சத்தம் போட்டு வாசிப்பாள். பாதி செய்தியில் பேப்பர் கிழிந்திருந்தால் மீதியை அவளே சேர்த்துச் சொல்வாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே ஒரு நாள் சொன்னார்.

"இந்தச் சோளம் நல்லபடியா வந்துச்சுன்னா, ஒன்னையப் பசறைப் பள்ளிக்கூடத்துல சேத்துவுடுறேன். ஒரு போகம் வீட்டுல சாப்பாட்டுக்குக் கவல இல்லேன்னா ஒன்னைய வேலைக்கு அனுப்ப வேண்டாம் பாரு."

அன்றிலிருந்து அந்தச் சரிவில் அக்கா பார்த்தது சோளத்தை இல்லை, பள்ளிக்கூடத்தைத்தான்.

எங்கள் அப்பா தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டினால்தான் பக்கவாட்டில் கிளை வெடித்துக் கொழுந்து வரும். இருபது வருடம் அந்தக் கத்தியைப் பிடித்த கை அவருடையது. அவர் வெட்டிய மலையைப் பார்த்தால் பாய் விரித்த மாதிரி இருக்கும் என்று துரையே சொன்னதாக அம்மா பெருமைப்படுவாள்.

சோளம் ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, உச்சியில் கதிர் மாதிரி ஒரு பூ கிளம்பியது. அப்பா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"பாத்தியா, சத்தெல்லாம் தலைக்குப் போகுது. இந்தத் தலைய வெட்டிட்டா கீழ ரெண்டு கதிருக்கு நாலா வெடிக்கும்."

"சோளத்துக்குக் கூடவா கவ்வாத்து?" என்றாள் அம்மா.

"செடின்னா எல்லாம் ஒண்ணுதான் புள்ள. தலைய வெட்டினாத்தான் தழைக்கும்."

தோட்டத்தில் கொடுப்பது போலவே ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுத்தார். செடியை வளைத்துப் பிடித்துப் பூவை அறுத்துப் போட வேண்டும். இரண்டு நாளில் சரிவு முழுவதும் மட்டமாகிவிட்டது. தேயிலை மலை மாதிரியே இருந்தது. நிலத்துக்காரப் பெரியவர் அந்த வழியாக வந்தார். கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு வெட்டிக் கிடந்த பூவை எடுத்து ஆட்டிக் காட்டிச் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் மிளகாய் வாங்கும் அளவுக்குத்தான். "ஹரி மாத்தயா, ஹரி ஹரி" என்று, சரி ஐயா சரி என்கிற மாதிரி, சிரித்துத் தலையாட்டினார். பெரியவர் போன பிறகு, "நல்லா வெட்டியிருக்கேங்குறாரு" என்றார். அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. புரியவில்லை என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

என் பங்குக்கு வந்தது மூலையில் பெரிய பாறைக்குப் பின்னால் இருந்த சின்ன நிரைகள். முப்பது செடி இருக்கலாம். அந்தப் பாறை முன்பக்கம் குடை மாதிரிக் கவிந்திருக்கும். அதன் அடியில் அப்பா ஒரு கல்லை நட்டு, குங்குமம் வைத்து, முனியாண்டி சாமியாக்கியிருந்தார். பாறைக்குப் பின்னால் ஈரம்; அட்டைக்கடி தாங்க முடியாது. நான் போனேன், கால் விரலிடுக்கில் இரண்டு அட்டை ஏறியதும் திரும்பி வந்துவிட்டேன். இளங்கதிரின் செம்பட்டை முடியைப் பின்னி ஒரு பொம்மைக்கு ஜடை போட்டுக்கொண்டு குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த முடி கையில் வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும், பச்சைப் பால் வாசம் அடிக்கும்.

"வெட்டிட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"வெட்டிட்டேன்."

"சரி, முழுப்பேர்" என்றார்.

அடுத்த நாள் அக்கா பெரியவளானாள். காட்டில் வேறென்ன செய்ய முடியும்? அம்மா மானாப்புல்லை அறுத்துச் சரிவின் கீழ் ஓரத்தில் ஒரு குச்சு கட்டிக்கொடுத்தாள். பதினாறு நாள் அக்கா அதில் தனியாக இருக்க வேண்டும், வெள்ளாமைக்குள் கால் வைக்கக் கூடாது. சாப்பாட்டைக் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டு வருவேன். அக்கா புல்லுக்கு நடுவே முகத்தை மட்டும் காட்டி, "சின்னவளே, பேப்பர் ஏதும் வந்துச்சா?" என்று கேட்பாள். அந்த வாரம் மூன்று நாள் விடாத மழை. குடிசைக்குள் அம்மாவின் சேலைக்குள் நான் சுருண்டு கிடந்தேன்.

மழை விட்ட மறுநாள் தோட்டத்தில் ரேஷன் கூப்பனுக்குச் சாமான் கொடுக்கிறார்கள் என்று அப்பாவும் அம்மாவும் மேலே போயிருந்தார்கள். பத்து மணி இருக்கும். கிராமத்து எருமைகள் ஏழெட்டு ஆற்றைக் கடந்து வந்து சோளத்துக்குள் இறங்கிவிட்டன. நான் கத்தினேன், கல்லெறிந்தேன். ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா குச்சிலிருந்து வெளியே வந்தாள். ஒரு கையில் தகர டின், ஒரு கையில் விறகுக் கட்டை. தட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு, சோளத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடினாள். அக்காவுக்கு அத்தனை கெட்ட வார்த்தை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கால் மணி நேரத்தில் எல்லா எருமையையும் ஆற்றுக்குள் தள்ளிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. சடங்கான பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தமாவும் எடுத்துக்கொண்டு தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவள், சேறும் வேர்வையுமாகச் சோளத்துக்கு நடுவில் நின்ற அக்காவைப் பார்த்தாள்.

"அடிப் பாவி, தீட்டோட வெள்ளாமையில எறங்கிட்டியே."

"எரும வந்துருச்சு அத்த."

"எரும தின்னா கொஞ்சந்தான் போகும். தீட்டு தின்னா மொத்தமும் போயிரும்டி."

அன்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அக்கா விரட்டாவிட்டால் பாதிச் சோளம் போயிருக்கும் என்று அப்பாவே சொன்னார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, பாறைப் பக்கம் வேலி கட்டப் போவதாக அப்பா சொன்னார். அவர் போகுமுன் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி, அந்த முப்பது செடியின் பூவையும் அறுத்து ஆற்றில் போட்டுவிட்டேன். பூ அதற்குள் காய்ந்துபோயிருந்தது. வளைக்க வளைக்க மஞ்சள் பொடி என் தலையிலும் கண்ணிமையிலும் கொட்டியது. தலையைக் கழுவிவிட்டுத்தான் குடிசைக்கு வந்தேன்.

பொங்கலுக்கு முன் அப்பா முதல் கதிரை ஒடித்து உரித்தார். உள்ளே வெறும் சக்கை. மணியே இல்லை. இன்னொன்றை உரித்தார். அதுவும் அப்படித்தான். அம்மா வந்தாள், உரித்தாள். நால்வரும் உரித்துக்கொண்டே போனோம். வெளியே கதிர் தடித்து, பச்சையாக, பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே குழந்தையின் ஈறு மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். நிரை நிரையாக அப்படியே. அப்பா கடைசியில் வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில்தான் தப்பு என்று அந்த நிமிடம் அவருக்குத் தோன்றியதோ என்னவோ. தோன்றியிருந்தாலும் அத்தை அதை நிலைக்க விடவில்லை.

கதிர் ஒடிக்க எங்களோடு வந்திருந்த அத்தைதான் பாறை மூலையிலிருந்து குரல் கொடுத்தாள். "தம்பி, இங்க வந்து பாரு."

அங்கே இருந்த கதிரெல்லாம் மணி நெருங்கி, முத்துக் கோத்த மாதிரி இருந்தது. பாறையை ஒட்டிய இரண்டு நிரையில் பொக்கைப் பல் போல அங்கங்கே மணி. அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

"முனியாண்டி காத்த மூலை" என்றாள் அத்தை. "சாமிக்குப் பக்கத்துல நெறைய, தள்ளிப் போகப் போகக் கொறைய. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்? இவ ஓடுன எடமெல்லாம் பொக்க. இவ காலு படாத எடம் மட்டும் வெளைஞ்சிருக்கு."

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு விஷயம் தெரியும். பூ இருந்த செடியில்தான் மணி இருந்தது. ஏன் என்று தெரியாது. ஆனால் அந்த ஒரு வித்தியாசம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் பொய் சொன்னது வெளியே வரும், அப்பாவின் இடுப்பு வாருக்குப் பதில் சொல்ல வேண்டும். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கதிரை அவித்து முனியாண்டிக்குப் படைத்துப் பொங்கல் கும்பிட்டோம். பள்ளிக்கூடப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. அத்தைக்குத் தெரிந்த யாரோ கொழும்பில் வீட்டு வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மாசி பிறந்ததும் அக்காவைப் பதுளையில் ரயில் ஏற்றினார்கள். "ராசி இல்லாத புள்ள, நாலு வருசம் வெளிய இருந்துட்டு வரட்டும்" என்று அப்பா சொன்னார். நல்ல மனிதர் எங்கள் அப்பா. குடிக்க மாட்டார், அம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை. அந்த வார்த்தையையும் அவர்தான் சொன்னார். அக்கா திரும்பி வர ஆறு வருடம் ஆனது. வந்தபோது விரல் நகமெல்லாம் சோப்பில் ஊறித் தேய்ந்திருந்தது.

இனி நடந்தது போன மாதம். என் மருமகள் லயத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் சோளம் போட்டிருக்கிறாள். விவசாய உத்தியோகத்தரம்மா ஒருத்தி வந்து பார்த்தாள். சின்னப் பெண், என் பேத்தி மாதிரி. செடியை ஆட்டி, "இந்தப் பூவில இருந்து பொடி விழுந்து, கதிர் முடியில ஒட்டணும். ஒரு முடிக்கு ஒரு மணி" என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டேன், "பூவ முன்னாடியே வெட்டிட்டா?"

"பொடி இல்லாம எப்படிங்க அம்மா மணி பிடிக்கும்? யாராவது அப்படி வெட்டுவாங்களா?" என்று சிரித்தாள்.

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அத்தையும் போய்விட்டாள். யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது? சாமி முன்னால் போய் நின்றேன். நான் சாமி கும்பிடுகிறவள், வெள்ளிக்கிழமை தப்பாமல் கோயிலுக்குப் போகிறவள். அதனால்தான் கோபம் கூடியது. நாங்கள் கத்தியால் செய்த தப்புக்கு முனியாண்டியைச் சாட்சிக்கு இழுத்து, ஒரு பிள்ளையின் தலையில் பழியைப் போட்டோம். சாமி என்ன பாவம் செய்தது?

மறுநாள் பஸ் பிடித்துப் பண்டாரவளைக்குப் போனேன். அக்கா அங்கே தன் மகன் வீட்டில் இருக்கிறாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தச் சோளம் கெட்டது ஒன்னால இல்ல."

"எந்தச் சோளம்?" என்றவள், கொஞ்சம் கழித்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூ, பொடி, அப்பாவின் கத்தி, நான் வெட்டாத முப்பது செடி, நான் சொன்ன பொய். அக்கா சிரித்தாள்.

"அப்ப ஒன் சோம்பேறித்தனந்தான் நமக்குப் பொங்கலுக்குச் சோளம் போட்டுருக்கு."

"சிரிக்காதக்கா. படிக்க வேண்டிய ஒன்னையச் சட்டி கழுவ அனுப்பிட்டாங்க. ஒனக்குக் கோவமே வரலையா?"

"வந்துச்சு. கொழும்புல நெறைய நாள் இருந்துச்சு. எம்மேல தப்பில்லன்னுதான் எனக்கு அப்பவே தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"அந்தக் குச்சு ஒழுகுச்சுடி. மூணு நாள் மழைக்கும் நான் பாறைக்கு அடியிலதான் உக்காந்திருந்தேன், முனியாண்டிக் கல்லுல சாஞ்சுக்கிட்டு. பின்னாடி இருந்த சோளத்துக்குள்ளதான் ஒதுங்குவேன். தீட்டுல கெடும்னா மொதல்ல அந்த மூலதானே கெட்டிருக்கணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "இத ஏன் அன்னைக்கே சொல்லல? அத்த வாய அடைச்சிருக்கலாமே. நீ பள்ளிக்கூடம் போயிருக்கலாமே."

அக்கா மறுபடி லீக்ஸை எடுத்துக்கொண்டாள்.

"சொன்னா அத்த வாயா அடையும்? அந்த மூலையும் தீட்டுன்னு சொல்லி, இருந்த கதிரையும் ஆத்துல தள்ளியிருப்பா. வீட்டுல கெழங்கு கூட முடிஞ்சு போயிருந்துச்சு. நீ செவுத்து மண்ணச் சொரண்டித் தின்னுக்கிட்டுத் திரிஞ்ச."

நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். இதை எழுதுகிற இந்த நிமிடம் வரைக்கும் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தப் பொங்கலன்று அவித்த கதிரை அத்தைதான் பங்கு வைத்தாள். படைத்த பொருளை அக்கா கையில் கொடுக்கக் கூடாது என்றாள், யாரும் மறுக்கவில்லை. எனக்கு மூன்று கிடைத்தது. அக்கா வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்றாள். நான் ஊதி ஊதி மூன்றையும் தின்றேன்.